வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு கேம் கன்சோல்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

கன்சோல் வாங்க நினைக்கும் பெற்றோர் எடுத்ததுமே கேட்பது "பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா?" என்றுதான். எங்கள் குடியிருப்பிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கன்சோலைத் தேர்ந்தெடுத்து, டிவியில் மாட்டி, கணக்கு திறந்து கொடுத்து வருகிறேன். பெட்டியை வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் பிறகு யோசித்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள். பையனின் நண்பர்கள் வேறு கன்சோலில் ஆடுகிறார்கள் என்பது வாங்கிய பிறகு தெரியவரும். சாயங்காலம் டிவி கிடைக்காது என்பதும், ஒரு புது கேம் ஐந்தாயிரம் ரூபாய் என்பதும் அப்புறம்தான் தெரியும்.

12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள். எந்தக் கன்சோல் என்ற கேள்வி ஐந்தாவது படியில்தான் வருகிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி விடை கிடைத்திருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: டிவியின் மாடல் எண், இணையத் திட்டத்தின் வேகம், அப்பா அல்லது அம்மாவின் சொந்த மின்னஞ்சல், பிள்ளையின் உண்மையான பிறந்த தேதி. ஆபீஸ் மின்னஞ்சல் வேண்டாம். வேலை மாறினால் கணக்கும் கைவிட்டுப் போகும்.

1. யாரோடு ஆடப் போகிறார்கள் என்று கேளுங்கள்

பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த கேம் ஆட ஆசை? அதை யாரோடு ஆடப் போகிறாய்? இரண்டாவதற்கு வரும் பதில்தான் பணத்தைக் காப்பாற்றும். இந்த வயதில் கேம் என்பது பாதி அரட்டை. வகுப்பு நண்பர்கள் ஒரு பக்கமும் இவன் மறுபக்கமும் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கன்சோலும் ஒரு மாதத்தில் தூசி படியும்.

சில கேம்களில் கன்சோல் வேறாக இருந்தாலும் சேர்ந்து ஆடலாம். இதை கிராஸ்பிளே என்கிறார்கள். ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக் மூன்றிலும் இது உண்டு. பிளேஸ்டேஷனில் மைன்கிராஃப்டை அப்படி ஆட மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் தேவைப்படும். இஏ எஃப்சி கால்பந்தில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி மூன்றும் ஒன்றோடொன்று சேரும். ஜிடிஏ ஆன்லைனில் சேராது. பிளேஸ்டேஷன்காரர்கள் தனி, எக்ஸ்பாக்ஸ்காரர்கள் தனி.

பிள்ளை "பப்ஜி" என்று சொன்னால் நின்று விசாரியுங்கள். போனில் ஆடும் பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜியின் இந்திய மொபைல் பதிப்பு, கன்சோலில் கிடையாது. கன்சோலில் உள்ள பப்ஜி வேறு பதிப்பு. போனில் ஆடும் நண்பர்கள் அங்கே வர முடியாது. நண்பர்கள் எல்லோரும் போனிலேயே ஆடுகிறார்கள் என்றால், கன்சோல் வாங்குவதை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே திரையில் இருவரும் ஆடக்கூடிய கேம்கள் வேண்டும். பல துப்பாக்கிச் சண்டை கேம்களில் அது கிடையாது. ஆளுக்கொரு கன்சோல் கேட்கும். இஏ எஃப்சி, கிரிக்கெட் 24, இட் டேக்ஸ் டூ ஆகியவற்றில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். அட்டையிலோ கன்சோலின் ஆன்லைன் ஸ்டோர் பக்கத்திலோ எத்தனை பேர் ஆடலாம் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கை ஒரே கன்சோலுக்கா, ஆன்லைனுக்கா என்று பிரித்துப் படியுங்கள்.

வயது எண்ணையும் இப்போதே பாருங்கள். பெகி என்ற ஐரோப்பிய முறையில் ஜிடிஏ 5-க்கு 18, ஃபோர்ட்நைட்டுக்கு 12, மைன்கிராஃப்டுக்கு 7. கேமுக்குள் வரும் காட்சிகளை வைத்துத்தான் இந்த எண் தரப்படுகிறது. முன்பின் தெரியாதவர்கள் ஹெட்செட்டில் பேசுவது இந்த எண்ணில் அடங்காது. அதற்கான வேலை எட்டாவது படியில் இருக்கிறது.

2. எந்தத் திரை, எந்த நேரம்

ஹாலில் ஒரே டிவி, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை பாட்டியின் சீரியல். நம் ஊர் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. பிள்ளை ட்யூஷன் முடித்து வருவதும் அதே நேரம்தான். இதைத் தீர்க்காமல் கன்சோல் வாங்கினால் தினமும் சண்டைதான்.

வழிகள் உண்டு. நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் டிவியே வேண்டாம், கையில் வைத்து ஆடலாம். பிளேஸ்டேஷன் 5-இல் ரிமோட் ப்ளே செயலி மூலம் ஆட்டத்தைப் போனுக்கோ லேப்டாப்புக்கோ கொண்டுவரலாம். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வீட்டு வைஃபை நன்றாக இருக்க வேண்டும். இன்னொரு வழி, எச்டிஎம்ஐ உள்ள ஒரு கணினி மானிட்டர். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் கன்ட்ரோலர்களிலும் சாதாரண 3.5 மி.மீ. ஹெட்போன் சொருகலாம் என்பதால் அது பெரிய குறையில்லை.

மானிட்டர் வாங்கினாலும் அதைப் பிள்ளையின் அறைக்குள் வைக்க வேண்டாம் என்பேன். சாப்பாட்டு மேசைப் பக்கமோ ஹாலின் ஓரமோ போதும். யாரோடு பேசுகிறான், எந்தத் தொனியில் பேசுகிறான் என்பது போகிற வருகிறவர்கள் காதில் விழும். கதவைச் சாத்திய அறையில் அது தெரியாது.

டிவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 32 அங்குல எச்டி ரெடி டிவி என்றால் விலை கூடிய கன்சோல் தரும் 4கே படம் அதில் தெரியப்போவதில்லை. 43 அங்குல 4கே டிவியே பிளேஸ்டேஷன் 5-க்கு நன்றாகப் போதும். 120 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது) இல்லையே என்று புது டிவி வாங்கக் கிளம்பாதீர்கள். செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் போக ஒரு எச்டிஎம்ஐ துளை மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பின்னால் எட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு டிவி அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையும்.

இணையம்: 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி கேம் இறங்க எல்லாம் சரியாக இருந்தாலே இரண்டேகால் மணி நேரம் ஆகும். டிஸ்க்கில் வாங்கினாலும் அப்டேட் இறங்கும். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் கேபிள் போட்டுவிடுங்கள்.

3. இரண்டு வருடச் செலவை எழுதுங்கள்

கன்சோலின் விலை மட்டும் செலவு இல்லை. பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 44,990 ரூபாய். இன்றைய விலையைக் கடையில் கேளுங்கள். தீபாவளி சமயத்தில் தள்ளுபடி வருவது வழக்கம். அதன் மேல் இரண்டாவது கன்ட்ரோலர், வருடத்துக்கு இரண்டு மூன்று கேம், சந்தா. எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டினால், மலிவாகத் தெரிந்த கன்சோல் இரண்டு வருடத்தில் மலிவாக இல்லாமல் போகலாம்.

சந்தா விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் மாதிரி இலவச கேம்களை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் சந்தா தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடத்தான் பிளேஸ்டேஷன் பிளஸ் அல்லது கேம் பாஸ் வேண்டும். தனியாகக் கதை ஆடுவதற்கும், பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ஆடுவதற்கும் வேண்டாம். கன்சோல் வாங்கும் அன்றே கடைக்காரர் சொல்கிறார் என்று ஒரு வருடச் சந்தாவை எடுத்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் மாதக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மின்சாரமும் உண்டு. பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 24 யூனிட். டிவி இழுப்பது தனி. உங்கள் வீடு அடுத்த கட்டண அடுக்கின் விளிம்பில் நின்றால் இது பில்லில் தெரியும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும்.

4. டிஸ்க் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

டிஸ்க் உள்ள கன்சோலையே நான் சிபாரிசு செய்வேன். ஆடி முடித்த டிஸ்க்கை வகுப்பில் கைமாற்றிக்கொள்ளலாம், சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் எடுப்பவர்களிடம் கொடுத்து வேறு வாங்கலாம், விற்கலாம். ஸ்டோரில் இறக்கிய கேமை யாருக்கும் கொடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஒரு கேம் மூன்று மாதத்தில் சலித்துவிடும். டிஸ்க்காக இருந்தால் போட்ட பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் வசதி கிடையாது, பின்னால் சேர்க்கவும் முடியாது. பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்மில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல் முறை மாட்டும்போது இணையம் தேவை. "பிறகு மாட்டிக்கொள்ளலாம்" என்று திட்டமிட்டால், அந்த டிரைவ் இப்போது கிடைக்கிறதா, என்ன விலை என்பதைக் கேட்டுவிட்டு டிஸ்க் இல்லாததை வாங்குங்கள்.

பழைய டிஸ்க் வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஆழமான கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு டிஸ்க் பிளேஸ்டேஷனில் ஓடும். ஆனால் அந்த கேமுக்குக் கூடுதலாக வாங்கும் பகுதிகள் டிஸ்க் எந்த நாட்டு வட்டாரத்துக்காக வெளியானதோ அதோடு பொருந்த வேண்டும். நம் ஊர் ஸ்டோரில் வாங்கியது சேராமல் போகலாம்.

5. இப்போது கன்சோலைத் தேர்ந்தெடுங்கள்

நண்பர்கள் பிளேஸ்டேஷனில் இருக்கிறார்கள், டிவி 4கே, டிஸ்க் மாற்றி ஆட ஆள் உண்டு என்றால் பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் உள்ளது. ஸ்பைடர்மேன், காட் ஆஃப் வார் வரிசைகளை வேறு கன்சோலில் ஆட முடியாது.

டிவி சிறியது, ஒரே கேமை வாங்கி வைப்பதைவிடச் சந்தாவில் பல கேம்களை மாற்றி மாற்றி ஆட ஆசை என்றால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். அடிப்படை மாடலில் 512 ஜிபி, கேமுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பெரிய கேம்கள் மூன்று நான்கில் நிறைந்துவிடும். முன்பு எக்ஸ்பாக்ஸுக்கென்றே இருந்த கேம்கள் சில இப்போது பிளேஸ்டேஷனுக்கும் வருகின்றன. ஃபோர்ஸா ஹொரைசன் 5 அப்படி 2025-இல் வந்தது. எனவே ஒரு குறிப்பிட்ட கேமுக்காக எக்ஸ்பாக்ஸ் வாங்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. சந்தாவுக்காக வாங்குவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பத்து வயதுத் தம்பியோ தங்கையோ உண்டு, டிவி கிடைக்காது என்றால் நின்டெண்டோ ஸ்விட்ச் அல்லது 2025-இல் வந்த ஸ்விட்ச் 2. மாரியோ, போகிமான் குடும்பத்தோடு ஆட அருமையானவை. ஆனால் நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் இறக்குமதி. பழுதானால் கம்பெனி உத்தரவாதம் இங்கே இல்லை, இந்தியாவுக்கென்று ஸ்டோரும் இல்லை. மாரியோ மாதிரி சொந்த கேம்களின் விலையையும் அவர்கள் எளிதில் குறைப்பதில்லை. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

மலிவாகக் கிடைக்கிறது என்று பிளேஸ்டேஷன் 4 வாங்க வேண்டாம். புதுப் பெரிய கேம்கள் பல அதற்கு வருவதில்லை. பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்கும் ஜிடிஏ 6 பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டுமே அறிவிக்கப்பட்டிருக்கிறது.

6. வாங்கும் இடத்தில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "இந்தியா வாரன்டியா, இம்போர்ட்டா?" பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் இரண்டும் கிடைக்கும். விலை வித்தியாசம் சில ஆயிரம் இருக்கும். கடைக்காரர் தரும் வாரன்டி அந்தக் கடையோடு முடிந்துவிடும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் கன்சோலின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். இறக்குமதி என்றால் அடாப்டரிலோ கன்சோலிலோ 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

"எல்லா கேமும் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் மாற்றியமைத்த கன்சோல் பக்கமே போகாதீர்கள். ஆன்லைனில் இணைத்தால் கன்சோலையே தடை செய்துவிடுவார்கள். நண்பர்களோடு ஆடத்தான் வாங்குகிறோம் என்றால் அதனால் ஒரு பயனும் இல்லை.

பழைய கன்சோல் என்றால் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். விசிறிச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறதா, கையை எடுத்த பிறகும் திரையில் பாத்திரம் தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் தன் கணக்கை உங்கள் கண் முன்னால் நீக்க வேண்டும்.

7. பெட்டியைத் திறக்கும் முன் இடம் பாருங்கள்

பிளேஸ்டேஷன் 5-ஐ 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் ஓட்டலாம் என்பது சோனி தரும் வரம்பு. அக்னி நட்சத்திர நாட்களில் சென்னை வெயில் 40-ஐத் தொடும். மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை இன்னும் சூடாக இருக்கும். மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் நீண்ட நேரம் ஆட விடாதீர்கள். காலையிலோ இரவிலோ ஆடட்டும்.

கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். பின்னாலிருந்து வரும் சூடான காற்று அங்கேயே சுற்றி மறுபடி உள்ளே போகும். ஸ்லிம் மாடல் சுமார் 36 செ.மீ. நீளம், 22 செ.மீ. ஆழம். நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு அளந்து பாருங்கள். நிறுத்தி வைக்கும் ஸ்டாண்ட் தனியாகத்தான் வாங்க வேண்டும். படுக்கவைப்பதற்கான கால்கள் பெட்டியிலேயே இருக்கும். சூடான இருட்டு மூலை கரப்பான்பூச்சிக்குப் பிடித்த இடம். அதனால் தரையில் வேண்டாம், சமையலறைச் சுவர் ஓரமும் வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் காற்று நேராக வரும் வீடுகளில் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் துளைகளில் துரு ஏறும்.

கரண்ட் அடிக்கடி போகும் வீடு என்றால் ரெஸ்ட் மோடில் (பாதி அணைந்த தூக்க நிலையில்) விடாமல் முழுதாக அணைக்கும் பழக்கம் வேண்டும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் சேமித்தது கெட வாய்ப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு பிளக்கையும் லேன் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கி வைக்கவும்.

8. கணக்குகள்: இந்த வரிசை தவறவே கூடாது

நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. பெட்டி சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரும். பிள்ளை பொறுமை இல்லாமல் தானே கணக்கு திறந்துவிடுவான். பிறந்த வருடம் பழையது ஏதாவது போடுவான், நாட்டை அமெரிக்கா என்று போடுவான். பிளேஸ்டேஷன் கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. பெரியவர் கணக்காகத் திறந்துவிட்டதால் எந்தக் கட்டுப்பாடும் வேலை செய்யாது. இரண்டு மாதம் கழித்துச் சரிசெய்யப் போனால், வாங்கிய கேம்களும் சேமித்த ஆட்டமும் அந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் கன்சோல் வருவதற்கு முந்தைய நாளே பெற்றோர் கணக்கைப் போனில் திறந்துவிடுங்கள். நாடு இந்தியா, உண்மையான பிறந்த தேதி, இரட்டைச் சரிபார்ப்பு. பிறகு அந்தக் கணக்கிலிருந்தே குடும்ப நிர்வாகப் பகுதிக்குப் போய், பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு சிறுவர் கணக்கைச் சேருங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கணக்கு. ஒரே கணக்கைப் பங்கு போட்டால் அண்ணன் சேமித்ததைத் தம்பி அழிப்பான்.

கன்சோலில் முதலில் நுழைய வேண்டியது பெற்றோர் கணக்கு. அதில் கன்சோல் பகிர்வு என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் நீங்கள் வாங்கும் கேமை அந்தக் கன்சோலில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கணக்கில் ஆடலாம். ஆகவே கேமை எப்போதும் பெற்றோர் கணக்கில் வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸில் இதையே ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்கிறார்கள்.

அடுத்து பூட்டுகள். பிளேஸ்டேஷனின் கட்டுப்பாட்டுக் கடவு எண் ஆரம்பத்தில் 0000. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். முதலில் அதை மாற்றுங்கள். பிறகு புதுப் பயனர் சேர்ப்பதையும் விருந்தினர் நுழைவதையும் தடுங்கள். இல்லையென்றால் நேரம் முடிந்ததும் புதுப் பயனர் ஒன்றைத் திறந்து ஆட்டம் தொடரும். உங்கள் கணக்குக்கும் ஒரு நுழைவு எண் போடுங்கள்.

பணம்: பிள்ளையின் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் ஆக்குங்கள். பிளேஸ்டேஷனில் சிறுவர் கணக்கு செலவழிப்பது உங்கள் வாலட்டிலிருந்துதான். ஃபோர்ட்நைட் காசு, கால்பந்து கேமில் வரும் வீரர் பாக்கெட் மாதிரியானவை வாங்கிய கணக்கோடு ஒட்டிக்கொள்பவை. உங்கள் கணக்கில் வாங்கினால் பிள்ளைக்குப் போகாது. பிறந்தநாளுக்கு வாங்கித் தர நினைத்தால், அந்த மாதம் மட்டும் வரம்பை 500 ரூபாய்க்கு ஏற்றி, பிறகு மறுபடி பூஜ்யம் ஆக்குங்கள். கார்டைச் சேமித்து வைக்காமல் கிஃப்ட் கார்டு குறியீடு வாங்கிப் போட்டால், அதிகபட்ச இழப்பு அந்தத் தொகையோடு நிற்கும்.

பேச்சு: முன்பின் தெரியாதவரோடு பேசுவதைக் குடும்ப அமைப்பில் கட்டுப்படுத்தலாம். ஆனால் பல கேம்களுக்கு உள்ளேயே தனிப் பேச்சு வசதி இருக்கும். ஒவ்வொரு கேமையும் முதல் முறை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் அமைப்புகளையும் ஒரு முறை பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கன்ட்ரோலரைக் கையில் கொடுங்கள். முதல் அப்டேட் இறங்கும் நேரத்தில் இந்த வேலை முழுதும் முடிந்துவிடும்.

9. நேர வரம்பைப் பிள்ளையோடு உட்கார்ந்து போடுங்கள்

பிளேஸ்டேஷனில் நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டும் வரட்டுமா, கன்சோலிலிருந்து வெளியேற்றட்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். முதல் மாதம் அறிவிப்பு மட்டும் போதும். ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியேறினால் உடன் ஆடுபவர்கள் தோற்பார்கள், சில கேம்களில் தண்டனையும் உண்டு. "ஓடுகிற மேட்ச் முடிந்ததும் நிறுத்து" என்பது பிள்ளைக்கு நியாயமாகப் படும், அதனால் கேட்பான். மீறினால் வெளியேற்றும் அமைப்புக்கு மாறுங்கள், முன்கூட்டியே அதைச் சொல்லிவிட்டு. நேர மண்டலம் இந்தியா என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தவறாக இருந்தால் அன்றைய கணக்கு நள்ளிரவில் புதுப்பிக்கப்படாமல் பட்டப்பகலில் புதுப்பிக்கப்படும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் மார்ச்சில் பொதுத்தேர்வு. டிசம்பர் அரையாண்டுக்குப் பிறகு மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு ஏப்ரலில் மறுபடி போடலாம். புதிதாக வாங்குவதே அந்த வருடம்தான் என்றால், தேர்வு முடிந்த வாரம் வாங்குங்கள்.

10. முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்

கடையோ ஆன்லைன் தளமோ மாற்றித் தரும் நாட்கள் குறைவு. அதற்குள் ஒரு பெரிய கேமை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். டிஸ்க்கைப் பல முறை உள்ளே போட்டு வெளியே எடுங்கள். கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் எல்லாப் பக்கமும் தள்ளிப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளைகளிலும் எதையாவது சொருகிப் பாருங்கள். வைஃபை, லேன் இரண்டிலும் ஒரு ஆன்லைன் மேட்ச் ஆடச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம், ஆர்வமாகச் செய்வான்.

பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சடித்த பில் சில மாதங்களில் வெளிறிவிடும். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தாங்குப் பொருட்களையும் வாரன்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகவும் பின்னால் விற்கவும் அது தேவைப்படும்.